பீப் சத்தத்தைக் குறைக்கப்போய்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். மாப்பிள்ளை வீட்டுத் தரப்பில் மாப்பிள்ளையின் அம்மா, மாப்பிள்ளையின் பெரியப்பா, இருவரையும் கூட்டிக்கொண்டு வந்த தரகர். எங்கள் தரப்பில் அம்மா, தாய்மாமா, நான், என் தங்கை. இது போக ஒரு கல். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது என்பதால், காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பெரியப்பா கீழே கிடந்த ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி, நான்காவது ஆளாகத் துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்தார். வந்து உட்கார்ந்ததும் முடிச்சை அவிழ்த்து அதை வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்கும் ஒரு டம்ளர் காபி கொடுக்க வேண்டுமோ என்று அம்மா என்னைப் பார்த்தார்.

அந்தக் கல்லைப் பார்த்தபோதே நான் எழுந்துபோய்க் கம்ப்யூட்டரை அணைத்திருக்க வேண்டும்.

அவர்கள் வந்தது என் தங்கையைப் பெண் கேட்டு. மாப்பிள்ளை திருப்பத்தூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். பேச்சு முடிவாகும்வரை அவர் வரவேண்டாம் என்று பெரியவர்களே வந்திருந்தார்கள். தங்கை கணக்கில் பி.எஸ்சி. முடித்தவள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். நின்றதற்குக் காரணம் வறுமை என்று மற்றவர்களிடம் சொல்லுவேன். உண்மையில் பத்தாவது பரீட்சையை நினைத்து ஒன்பதாவதிலேயே எனக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டது.

ஜெராக்ஸ் கடையில் சில வருஷம் நின்று, சேர்த்த காசில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். இஞ்சினியரிங் பையன்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைத் தட்டச்சு செய்து கொடுக்கும் தொழில். தொழிலுக்கு முதலாளி நான், தட்டச்சு செய்பவள் தங்கை. பெரிய வீடு ஒன்றின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். நாங்கள் இருந்தது இரண்டு அறையும் ஒரு கூடமும்தான் என்றாலும், கட்டியவர்கள் எங்கள் வாடகையை மனதில் வைத்துக் கட்டவில்லையே. உயரமான கூரை, வழவழவென்ற தரை, பளிங்கு மாதிரி சுவர். ஒரு கரண்டி விழுந்தால் சத்தம் மூன்று முறை சுற்றிவிட்டுத்தான் அடங்கும்.

பையன்கள் கொண்டுவரும் ஃப்ளாப்பிகளில் வைரஸும் கூடவே வரும். மாதத்துக்கு ஒரு முறை எல்லாம் அழியும். எனக்குத் தூக்கம் போய்விட்டது. கடைசியில் கல்லூரிப் பையன் ஒருவன், "லினக்ஸ் போட்ருங்கண்ணே, வைரஸ் அண்டாது" என்றான். இலவசம் என்று அவன் சொன்னதில் பயந்தேன். வைரஸ் அண்டாது என்றதில் மயங்கினேன். ஏதோ பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து அவனே போட்டுக் கொடுத்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அதற்குள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக ஆறு திரை. ஆல்ட் விசையோடு எஃப் ஒன்று, எஃப் இரண்டு என்று அழுத்தினால் திரை விட்டுத் திரை போகலாம். தங்கை இரண்டு நாளில் பழகிவிட்டாள். நான் முதல் திரையைத் தாண்டியதில்லை. போனால் திரும்பி வர முடியாமல் போய்விட்டால்?

வைரஸ் அண்டவில்லை. பீப் அண்டியது.

அழிப்பதற்கு ஒன்றுமே இல்லாத வரியில் அழிக்கும் விசையை அழுத்தினால், "பீப்" என்று கத்தும். லினக்ஸுக்கு முன்பு கம்ப்யூட்டரில் இருந்ததும் கத்தியதுதான், ஆனால் இதற்கு இருந்த ரோஷம் அதற்கு இல்லை. எங்கள் கூடத்தில் அது மூன்று முறை சுற்றிவிட்டுத்தான் அடங்கியது. முதலில் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் முன்னால், தங்கை கம்ப்யூட்டரை இயக்கிக் காட்டும்போது அது கத்த, வந்திருந்த ஒரு பெரியவர் "கரண்டு லீக்காகுது!" என்று துள்ளியதில் காபி வேட்டியில் கொட்டியது. அவர்கள் மறுபடி வரவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்றார் அம்மா. மாப்பிள்ளை தன்னைவிடக் குட்டை என்றாள் தங்கை. எனக்குத் தெரியும், பீப்தான்.

இந்தச் சம்பந்தத்துக்குத் தரகர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "நாங்க வரும்போது கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருக்கணும். பொண்ணு அதுக்கிட்ட நிக்கணும். அவுக பாக்கணும். அம்பது பவுன் இல்லாத வீட்டுல அதுதான் அம்பது பவுனு."

தங்கையும் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவாள். அதற்குச் சம்மதம் என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். "சொல்லலைன்னா காபித் தட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போயிருவேன்ணே. அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது." அவள் சொன்னால் செய்கிற ரகம். ஆக ஓடிக்கொண்டிருக்க வேண்டிய கம்ப்யூட்டர், கத்தக்கூடாத கம்ப்யூட்டர், சம்மதம் வராவிட்டால் தட்டோடு போய்விடக்கூடிய தங்கை. ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கல்லூரிப் பையனைத் தேடிப் போனேன்.

"தம்பி, பீப் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கணும்."

"அதுக்கு வால்யூமே கிடையாதுண்ணே. கத்தும், இல்லைன்னா கத்தாது."

"ரேடியோவுக்கு உண்டு, டிவிக்கு உண்டு."

"அதெல்லாம் பாடுது. இது கத்துது. கத்துறதுக்கு என்னண்ணே வால்யூமு? பேசாம மூடியக் கழட்டி உள்ள இருக்குற ஸ்பீக்கர் வயரைப் புடுங்கி விட்ருங்க."

அது என்னால் ஆகாது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அது ஒரு முறை பீப் என்னும். அந்த ஒரு பீப் கேட்டால்தான் அன்றைக்கு அது உயிரோடு இருக்கிறது என்று எனக்கு நிம்மதி. நாடித் துடிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு வைத்தியம் பார்க்க முடியுமா?

பையன் பெருமூச்சு விட்டு, நோட்டின் பின் அட்டையைக் கிழித்து ஒரு வரி எழுதிக் கொடுத்தான். "இதுல ரெண்டு நம்பர் இருக்கு. ஒண்ணு எவ்வளவு கீச்சுன்னு கத்தணும்கிறது. இன்னொண்ணு எவ்வளவு நேரம் கத்தணும்கிறது. நேரத்துக்குச் சைபர் போடுங்க, சுத்தமா அடங்கிரும்."

சைபர் எனக்கு ஆகாது. நான் படித்த எட்டேமுக்கால் வருஷத்தில் என் உடம்பில் தங்கிய பாடம் ஒன்றுதான், எதையும் சைபரால் வகுக்கக்கூடாது. வகுத்ததற்குப் புறங்கையில் வாங்கிய அடி. நான் சைபரைக் கொடுத்து, கம்ப்யூட்டர் உள்ளே போய் அதை எதாலாவது வகுத்துவிட்டால்? பையனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பான். சைபர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். சத்தம் இருக்கட்டும், ஆனால் சின்னதாக இருக்கட்டும். வாழ்க்கை முழுவதும் நான் கடைப்பிடித்த கொள்கையும் அதுதானே.

வீட்டுக்கு வந்து எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தேன். நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் கத்திக்கொண்டிருந்ததை நூறில் ஒரு பங்குக்கு இறக்கினேன். குரலை மட்டும் நான்கு மடங்கு உயர்த்தினேன். மெல்லிய குரல் சின்னதாகக் கேட்கும் என்று ஒரு கணக்கு. கைக்குழந்தை உள்ள வீட்டில் இருந்தவன் யாரும் இப்படிக் கணக்குப் போட்டிருக்க மாட்டான்.

அழிக்கும் விசையை அழுத்திப் பார்த்தேன். "ட்சிக்." விடாமல் அழுத்தினேன். "ட்சிக் ட்சிக் ட்சிக்." சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. கூரை எடுத்துக்கொண்டு போய் மூலையில் வைத்துவிட்டது.

சமையற்கட்டுப் பக்கம் குரல் கொடுத்தேன். "அம்மா, ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலப்பா. பல்லிதான் சொல்லுது. நல்ல சகுனம்."

எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்ல முடியாது. பீப் இல்லை, வெறும் பல்லி! எந்த வீட்டில் பல்லி இல்லை? ஒரு வாரத்தில் முதல்முறையாக மூன்று தோசை சாப்பிட்டேன்.

இனி அந்த நாள். தங்கை காபி கொடுத்தாள். பெரியப்பா அறை வாசலில் நின்று கம்ப்யூட்டரை எட்டிப்பார்த்து, "ஓடுதா?" என்றார். "ஓடுதுங்க" என்றேன். "சத்தமே இல்லையே" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு என்ன கேட்டாலும் கொடுக்கலாம் போலிருந்தது. அந்த எண்ணம் அப்போது எனக்கு வந்திருக்கக் கூடாது.

தங்கை அறைக்குள் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வாசலில் ஒரு திரைச்சீலை மட்டும். நாங்கள் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தோம். மாமா தொண்டையைச் செருமினார்.

"பொண்ணு படிச்ச பொண்ணு. கல்யாணத்துக்குப் பொறகும் வேலைக்குப் போகணும்னு ஆசைப்படுது. அதை இப்பவே பேசிருவோம்னு."

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வேலைக்குப் போனா வீட்டை யாரு பாக்குறது? எனக்கும் முட்டி வலி. பாப்போம், மொதல்ல கல்யாணம் ஆகட்டும்."

கல்யாணத்துக்கு முன்னால் சொல்லும் 'பாப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று ஏழு பேருக்கும் தெரியும். திரைச்சீலைக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம். தட்டை எடுக்க வரப்போகிறாள் என்று காபித் தட்டை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

பெரியப்பா சமாதானமாக, "அட, பிள்ளை ஆசைப்படுது. போகட்டுமே" என்றார்.

"ட்சிக் ட்சிக் ட்சிக்."

பெரியப்பாவின் முகம் மாறியது. குனிந்து ஆள்காட்டி விரலால் தரையை மூன்று முறை தட்டினார். "கெவுளி சொல்லிருச்சு" என்றார். பல்லிக்கு அவர்கள் பக்கம் மரியாதையான பெயர் அது. "சொல்லி வாய் மூடலை, ஆமான்னுருச்சு பாத்தீகளா? தாயி, இனி நீ பேசாத. பிள்ளை வேலைக்குப் போகும்."

மாப்பிள்ளையின் அம்மா கூரையை அண்ணாந்து பார்த்தார். அங்கே பல்லி இல்லை. இல்லாத பல்லியை எதிர்த்து என்ன பேச முடியும்? அவரும் ஒரு விரலால் தரையைத் தட்டினார். அம்மாவும் தட்டினார். மாமாவும் தட்டினார். நான் தட்டினேன். எனக்கு மட்டும் விரல் வியர்த்திருந்தது.

அவள் முழங்கை பட்டிருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் சம்மதம் போய்விடும். சொல்லாவிட்டால் தெய்வக் குற்றம். எது பெரிய பயம் என்று தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு அடுத்த இடத்துக்குப் போய்விட்டது.

"மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி" என்றார் தரகர். "கேக்குறோம்னு இல்லை. நாளைக்கு உங்க பொண்ணுதான பின்னாடி உக்காந்து போகப் போகுது. ஒரு நாப்பதாயிரம் ரொக்கமா வச்சிட்டா அவுகளே பாத்து எடுத்துக்குவாக."

"நாப்பதா?" என்று மாமா என்னைக் கைகாட்டினார். "எங்க மாப்ளை புராஜெக்ட் அடிச்சுக் குடுக்குறாப்ல. நோட்டு அடிக்கலை. இருபது வச்சுக்கிருவோம்."

"இருபதுல வண்டியோட பின்சீட்டு மட்டுந்தான் வரும்."

"பொண்ணு அதுலதான உக்காரப் போகுதுன்னு நீங்கதான சொன்னீக?"

பெரியப்பா சிரித்துவிட்டுக் கையை உயர்த்தினார். "இங்குட்டும் வேணாம், அங்குட்டும் வேணாம். முப்பத்தஞ்சு."

"ட்சிக் ட்சிக் ட்சிக் ட்சிக் ட்சிக்."

இந்த முறை முழங்கை இல்லை. முழங்கைக்கு அவ்வளவு ஆத்திரம் வராது. தங்கை பிறகு சொன்னாள், "முதல் தடவை நான்தான்ணே வேணும்னு அழுத்தினேன். ரெண்டாவது தடவை, 'வேணாம், ஒத்துக்காதீக'ன்னு சொல்லத்தான் அழுத்தினேன்." ஆனால் நான் செய்துவைத்த பல்லிக்கு ஆமாம் மட்டும்தான் தெரியும். கோபமாக அழுத்தினால் ஐந்து முறை ஆமாம் என்றது.

பெரியப்பா தரையைத் தட்டினார். "முப்பத்தஞ்சு. முடிஞ்சது." மாமாவின் விரல்கூட அவரை மீறித் தரைக்குப் போய்விட்டது. பாதி வழியில் நிறுத்தி, அதே விரலால் என்னைத் தொடையில் கிள்ளினார்.

முப்பத்தைந்தாயிரம்! வாழ்க்கையில் முதல்முறையாக யோசிக்காமல் எழுந்து நின்றேன்.

"மன்னிச்சுக்கங்க. அது கெவுளி இல்லைங்க. எங்க கம்ப்யூட்டரு."

பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் தம்பி, பொண்ணு வேலைக்குப் போகலாங்கையில அது கெவுளியா இருந்துச்சு. தொகையச் சொன்னதும் கம்ப்யூட்டர் ஆயிருச்சோ?"

தரகர் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை, அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "ரெண்டும் கம்ப்யூட்டருன்னா, வேலைக்குப் போறதும் இல்லைன்னுதான ஆகுது?" என்றார்.

இதை நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் எழுந்தால் இப்படித்தான்.

"வாங்க, காட்டுறேன்" என்று திரைச்சீலையை விலக்கினேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள். தங்கை நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கறுப்புத் திரை, வெற்று வரி. நான் அழிக்கும் விசையை அழுத்தினேன்.

"பீப்ப்ப்."

பழைய பீப். முழு பீப். கூடத்தை மூன்று முறை சுற்றி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா காதைப் பொத்தினார். பெரியப்பா மட்டும் அசையவில்லை. நான் மறுபடி அழுத்தினேன். "பீப்ப்ப்." விடாமல் அழுத்தினேன். லாரி பின்னால் வருவது போலக் கத்தியது. எது கத்தினாலும் பல்லி கத்தவில்லை.

"இது கெவுளியா?" என்றார் பெரியப்பா. "தம்பி, நான் அறுபத்தெட்டு வருசமா கெவுளி கேக்குறேன். பணத்துக்குப் பயந்து கெவுளி மேல பொய் சொல்லாத. ஆகாது." என் தோளில் தட்டினார். அதட்டலைவிட அந்தத் தட்டல்தான் வலித்தது. கூடத்துக்குத் திரும்பிப் போய்க் கல்லை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டார். வெற்றிலை மாற்றினார்கள்.

அவர்கள் போன பிறகு கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். நான் போட்ட நம்பர் எங்கே போயிற்று? வைரஸா? தங்கை வந்து ஆல்ட்டோடு எஃப் ஒன்றை அழுத்தினாள். திரை மாறியது. அழிக்கும் விசையைத் தொட்டாள். "ட்சிக்." எஃப் இரண்டு. "பீப்ப்ப்." நான் மாற்றியது முதல் திரைக்கு மட்டும்தானாம். மற்ற ஐந்து திரையும் பிறந்தபோது இருந்த குரலில்தான் இருந்தன. ஒரு திரையில் குறைத்தால் எல்லாத் திரையிலும் குறையாது என்று அவளுக்கு முன்பே தெரியும்.

"நீதான் மாத்தி வச்சியா?"

"நீ 'அது கெவுளி இல்லை'ன்னதும் மாத்திட்டேன்."

"அடிப்பாவி! முப்பத்தஞ்சாயிரம்!"

"வேலைக்குப் போனா முப்பத்தஞ்சு சம்பாதிக்கலாம்ணே. வேலைக்குப் போகாம முப்பத்தஞ்சை மிச்சம் பண்ணி நான் என்ன செய்ய?"

பி.எஸ்சி. கணக்கு. நான் ஒன்பதாவது. கேட்க நினைத்தது ஒன்றுதான். என்னை எல்லோர் முன்னாலும் பொய்யனாக்கினாயே என்று. கேட்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. அந்தக் கேள்விக்கு முன்பே பதில் தயாரித்து வைத்திருப்பாள், அதையும் தாங்க வேண்டும்.

கல்யாணத்தன்று இருபதாயிரம் கொடுத்தோம். பாதி மாமா தந்தது. மீதிப் பதினைந்தாயிரத்துக்குத் தவணை. தங்கைக்குத் திருப்பத்தூரிலேயே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை கிடைத்தது. அவள் போனதும் என் தொழிலில் முதலாளி மட்டும் மிஞ்சினார். ஆகவே தவணை இப்படி நடந்தது: மாதம் ஒரு நாள் நான் பஸ் ஏறிப் போவேன். சமையற்கட்டில் வைத்துத் தங்கை தன் சம்பளத்திலிருந்து ஐந்நூறு ரூபாயை என் கையில் வைப்பாள். நான் அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, காரைக்குடியிலிருந்து சுமந்து வந்தவன் போல வியர்வையைத் துடைத்து, அவள் மாமியாரிடம் நீட்டுவேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்தா தாயி, பீரோவுல வையி" என்று தங்கையிடமே கொடுப்பார். பெரியப்பா அங்கே இருந்தால் என்னைப் பார்த்து, "தம்பி, வீட்டுல கெவுளி சொல்லுதா?" என்பார். "சொல்லுதுங்க" என்பேன். அதற்கு மேல் அவர் என்னை நம்பி எதுவும் கேட்டதில்லை.

இருபத்தேழு மாதம் இப்படிப் போனது. இன்னும் மூன்று தவணை. கட்டி முடித்து நிம்மதியாகத் தூங்கலாம் என்று நான் என் கையிலிருந்தே மூன்றையும் மொத்தமாகக் கொண்டுபோன அன்று, தங்கை என்னைச் சமையற்கட்டுக்குள் இழுத்தாள்.

"கட்டாதண்ணே. திருப்பிக் கொண்டுபோ."

"ஏன்?"

"மாமியாருக்கு முட்டி வலி கூடிப்போச்சு. 'வேலையை விட்ரலாம்ல'ன்னு ஆரம்பிச்சாக. 'எங்க அண்ணனால இன்னும் பாக்கி குடுக்க முடியலத்தே, நான்தான் ஒத்தாசை பண்றேன்'னு சொல்லிட்டேன். அன்னையிலருந்து எட்டரை ஆனா அவுகளே டிபன் பாக்ஸைக் கையில குடுத்து அனுப்புறாக."

"கெவுளி சொன்னது என்ன ஆச்சு?"

"கெவுளி ஒரு நாள் சொன்னது. பாக்கி தெனமும் சொல்லும்."

பணத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். அவள் மாமியார் என்னைக் காணும்போதெல்லாம் கேட்கிறார். நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறேன். ஊர் வாயில் கடன்காரன் என்ற பெயர் வந்துவிட்டது, அது ஒரு புதுக் கவலை. பாக்கி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.